லேஞ்சி பிடித்தவருக்கு ஒரு மெழுகுதிரி

ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டுமென்றால் என்னை அனுப்பக் கூடாது. இது எங்கள் ஊர்க் கிராம சேவகருக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. அவர் முப்பது வயதுகூட ஆகாத பெண். ஜீ.எஸ். ஆக எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருடந்தான் ஆகியிருந்தது. படித்தவர்கள்மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை மிச்சமிருந்தது.

படித்தவன் என்று ஊர் என்னைச் சொல்வதற்குக் காரணம், பிரதேச சபை வாசிகசாலைப் பூட்டின் திறப்பு என்னிடம் இருப்பதுதான். அங்கே இரண்டு அலுமாரிகள். ஒன்றைக் கறையான் வாசித்து முடித்துவிட்டது. மற்றதை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். வேறு போட்டி இல்லை. ஒரு வகுப்புக்கும் ஒருநாளும் பாடம் எடுக்காத என்னை ஊரார் "மாஸ்ரர்" என்பார்கள். நான் மறுப்பதில்லை. இருபது வருடம் மண்டபம் முகாமில் "அகதி" என்று கூப்பிடக் கேட்டவனுக்கு எந்தப் பட்டமும் பதவி உயர்வுதான்.

கிராம சேவகர் ஒரு நாள் வாசிகசாலைக்கே வந்து, கறையான் தின்ற அலுமாரியில் சாயப் போய் அது ஆடியதும் விலகி நின்று, கோப்பு ஒன்றை நீட்டினார்.

"அண்ணை, அந்த அக்காவோட நீங்கள்தான் கதைக்கோணும். நான் மூண்டு தரம் போயிட்டன். தேத்தண்ணி தந்து அனுப்பி விடுறா."

"என்ன அலுவல்?"

"மரணப் பதிவு. மகன்ர."

அக்காவின் வளவு என் வளவிலிருந்து இரண்டு வேலி தள்ளி. கணவர் கடைசி யுத்தத்துக்கு முந்திய ஒரு காற்றுக் காலத்தில் கடலோடு போய்விட்டார். காணி பெர்மிற், அரசாங்கக் காணிக்கான அனுமதிப்பத்திரம், அப்போதே ஒரே மகனின் பெயருக்கு மாறியது. மகன் யுத்தத்தின் கடைசி நாட்களில் ஆமிப் பக்கம், இராணுவத்திடம், நடந்து போனவன். வாகனத்தில் ஏற்றியதைத் தாய் கண்டார். இறக்கியதை யாரும் காணவில்லை. இப்போது வீட்டுத்திட்டம் வந்திருந்தது. காணி இருந்தால் வீடு. காணி மகன் பெயரில். மகன் இறந்துவிட்டான் என்று தாய் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் பெர்மிற் தாய்க்கு மாறும், தகரமும் தறப்பாளும் போய்ச் சுவர் வரும். வைக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர். அந்தப் பட்டியல் டிசம்பருக்கு முன் முடிகிறது.

"நான் சொன்னா ஜீ.எஸ். சொல்லுது எண்டு நினைக்கிறா. நீங்கள் உலக விசயம் தெரிஞ்ச ஆள். விளங்கப்படுத்துங்கோ" என்றார் அந்தப் பிள்ளை.

உலக விஷயம். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன்.

என் திட்டம் மிகவும் புத்திசாலித்தனமானது என்று அன்று எனக்குப் பட்டது. அரசாங்கங்கள் உண்மையைச் சொல்லக் காலமெடுக்கும், அதற்காக மழையில் நனைந்தபடி இருக்க வேண்டாம், வீட்டை எடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து காத்திருக்கலாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஓர் உதாரணம் வேண்டும். உள்ளூர் உதாரணம் சொன்னால் அழுகை வரும் அல்லது ஆபத்து வரும். ஆகவே தூரத்தில் தேடினேன். அயர்லாந்து அகப்பட்டது.

மீளக் குடியேறிய புதிதில், தறப்பாள் கூடாரத்துக்குள் சின்ன வானொலிப் பெட்டியில் லண்டன் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். பிரிட்டிஷ் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார் என்றார்கள். வட அயர்லாந்தின் ஒரு நகரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் பிரிட்டிஷ் படையினர் சனத்தைச் சுட்டுக் கொன்றதற்கு. சுட்டு முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு. அது நியாயப்படுத்த முடியாத செயல் என்று அவரே சொன்னாராம். அன்று என் கூடாரத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகலுக்குச் சட்டி வைத்துக்கொண்டே, "இதையெல்லாம் வாசிக்க வேண்டும்" என்று நினைத்தேன். நினைத்ததைச் செய்தது என் வாழ்க்கையில் அபூர்வம். அதை மட்டும் செய்தேன். தேடித்தேடி வாசித்தேன். அது இப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருந்தால் கோழி வளர்ப்புப் பற்றி வாசித்திருப்பேன்.

அக்காவிடம் போகுமுன் சிலாவத்துறைக்குப் போகும் வழியிலிருக்கும் நானாவின் தேத்தண்ணிக் கடையில் ஒத்திகை பார்த்தேன். நானா முஸ்லிம்; வடக்கிலிருந்து தன் சனம் துரத்தப்பட்டபோது போய்ப் புத்தளத்தில் இருபது வருடம் இருந்து திரும்பியவர். கதையைக் கேட்டு ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"மாஸ்டர், வெள்ளக்காரன் அப்புடிச் செஞ்சிருக்க மாட்டான்."

"அவங்களே ஒப்புக்கொண்டிட்டாங்கள் நானா."

"ஒப்புக்கொண்டானா, அதான் வெள்ளக்காரன்! செஞ்சிருக்க மாட்டான், செஞ்சா ஒப்புக்கொள்ளுவான்." எனக்கு இதன் தர்க்கத்தைப் பிடிக்க நேரம் எடுத்தது. அதற்குள் நானாவின் கதை அரிப்பு என்ற ஊருக்குப் போய்விட்டது. அங்கே கடலோரம் வெள்ளைக்கார ஆளுநருக்குக் கட்டிய மாளிகை இடிந்து செங்கல் செங்கலாகக் கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. "முத்துக் குளிப்பு நடக்கக்குள்ள சிப்பியக் குவிச்சு வச்சுப் பங்கு பிரிப்பானாம். குளிச்சவன்ட பங்கில ஒரு சிப்பி தொடமாட்டானாம். எங்கட வாப்பாட வாப்பா சொன்னது. அந்தச் சாதி, சும்மா நடந்து போன சனத்தச் சுடுமா?"

"நானா, சிப்பிக்குப் பங்கு குடுத்தவன் ஆளைச் சுடமாட்டான் எண்டு என்ன கணக்கு?"

"நீங்க வாசிச்சிட்டுச் சொல்றிங்க. நாங்க கேட்டிட்டுச் சொல்றம்" என்றார் நானா. தேத்தண்ணி ஆறியிருந்தது.

நானாவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. நானும் வெள்ளைக்காரனைப் பற்றி முதலில் அறிந்தது அவர்களே எழுதிய புத்தகங்களில்தான். அவற்றில் எல்லோரும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வார்கள், மழையைப் பற்றிக் கதைப்பார்கள். சுடுவது என்றால் முயலைத்தான்.

அக்கா வேம்பின் கீழ் நண்டு வலை பொத்திக்கொண்டிருந்தார். காலையில் கரையில் நண்டு கழற்றுவதும் பின்னேரம் கிழிந்த வலை பொத்துவதும் அவர் தொழில்.

"ஜீ.எஸ். பிள்ளை அனுப்பினதோ?"

"இல்லையக்கா, சும்மா வந்தனான்."

"சும்மா வாற ஆள் கக்கத்துக்குள்ள ஃபைலோட வாறேல்லை. இருங்கோ தம்பி. கதிரையில கால் ஒண்டு சரியில்லை, பாத்து இருங்கோ."

பார்த்து இருந்தேன். சுற்றி வளைத்து அயர்லாந்துக்கு வந்தேன்.

"அவை என்ன சனம்?"

"சூடுபட்டவை வேதக்காரர் அக்கா. கத்தோலிக்கர். எங்களை மாதிரிச் செபமாலை எல்லாம்."

"சுட்டவை?"

"பிரிட்டிஷ் ஆமி."

"வெள்ளைக்காரர் வெள்ளைக்காரரையோ?" அக்கா வலையை மடியில் வைத்தார். "என்னத்துக்கு ஊர்வலம் போனவை?"

"ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போய் வழக்கில்லாமல் அடைச்சு வைச்சிருந்தவை. அதை எதிர்த்து."

அக்கா மடியிலிருந்த வலையைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டார். நான் நல்ல பேச்சாளன் என்று அதை விளங்கிக்கொண்டேன். குண்டு வைத்தவர்களும் அந்த நாட்டில் இருந்தார்கள், படையினரும் செத்தார்கள் என்று பக்கச்சார்பில்லாமல் சொன்னேன். "அப்ப எங்கட மாதிரித்தான்" என்றார் அக்கா. உடனேயே ஒரு பெரிய நீதிபதியை விசாரிக்க விட்டார்கள், அவர் கொஞ்ச வாரத்தில் எழுதிக் கொடுத்தார், படையில் பெரிய பிழை இல்லை, செத்தவர்களில் சிலர் ஆயுதம் தொட்டிருக்கலாம் என்று சந்தேகம் இருக்கிறது என்றார் என்றேன்.

"சனம் நம்பினதோ?"

"அந்த ஊர்ச் சனம் நம்பேல்லை. இங்கிலாந்தில கனபேர் நம்பினவை."

"ஏன்?"

"சொன்னது தங்கட ஆள் எண்டபடியால்" என்றேன்.

"ஓம்" என்றார் அக்கா. "தெற்கில சிங்களச் சனமும் அப்பிடித்தானே."

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் மடையில் தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்கால் எங்கே போகிறதென்று நான் பார்ப்பதில்லை. வெடிபட்டுக் கிடந்த ஒருவருக்கு உதவப் போன மனிதரைப் பற்றிச் சொன்னேன். அவர் வெள்ளை லேஞ்சியை, ஒரு கைக்குட்டையை, கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு போனார். அவரையும் சுட்டார்கள்.

"லேஞ்சி பிடிச்சவரையுமோ?"

"ஓம் அக்கா."

அவர் எழுந்து உள்ளே போனார். தண்ணீர் குடிக்க என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் அவருடைய கோயில் முக்காடு இருந்தது. எங்கள் பெண்கள் பூசைக்குத் தலையில் போடும் வெள்ளை நெற், வலைபோன்ற துணி. அக்காவுடையது அரைவாசி. ஓரம் கிழிந்த பக்கத்தை மடித்துத் தைத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த அரை முக்காட்டோடுதான் வருவார். ஊருக்கு வந்த புதிதில் நான் கோயில் வாசலில் வைத்து, "என்னக்கா, மற்றப் பாதியை எலி கொண்டு போச்சோ?" என்று கேட்டிருக்கிறேன். "இல்லைத் தம்பி, மகனிட்ட இருக்கு" என்றார். ஞாபகத்துக்குக் கொடுத்து அனுப்பினாராக்கும் என்று நினைத்தேன். என் பகிடிகளில் அதுதான் ஆகச் சிறந்தது என்று எவரும் சொல்லவில்லை.

"மகன் போன அண்டைக்கு வெள்ளைத் துணி ஒண்டும் கையில இருக்கேல்லை" என்றார் அக்கா. "எல்லாம் சேறும் ரத்தமும். இது மட்டும் பையுக்குள்ள வெள்ளையா இருந்தது. நான்தான் கிழிச்சுக் குடுத்தனான். 'தடியில கட்டிக்கொண்டு போய்க் காயப்பட்ட சனம் கிடக்கு எண்டு சொல்லு' எண்டு. அவன் ஏலாது எண்டவன். நான்தான் போ எண்டனான்."

நான் ஃபைலைக் கதிரைக்குக் கீழே வைத்தேன். அயர்லாந்திலிருந்து திரும்பி வர எனக்கு வழி தெரியவில்லை.

"முப்பத்தெட்டு வருசத்துக்குப் பிறகு சொன்னவை என்ன?" என்று அக்காவே கேட்டார்.

"அவையளில பிழை இல்லை எண்டு."

"அந்த லேஞ்சி பிடிச்சவரிலயும்?"

"அவரிலயும்."

"அந்தத் தாய் பெண்சாதி எல்லாம் நடுவில ஏதும் கையெழுத்து வைச்சவையோ?"

நான் படிவத்தை எடுக்கவேயில்லை. "அவைக்கு உடம்பு கிடைச்சது அக்கா. புதைக்கச் சேமக்காலை இருந்தது" என்று முணுமுணுத்தேன். அது அவருக்குச் சாதகமான பதிலா எனக்குச் சாதகமான பதிலா என்று இன்றுவரை தெரியாது. மன்னிப்புக்குப் பிறகும் சுட்டவர்களில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அன்று நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான். அதுவும் தைரியம் இல்லாததால் செய்தது.

கிராம சேவகரிடம், "யோசிக்கிறா" என்று அறிக்கை கொடுத்தேன்.

நவம்பர் இரண்டு, எங்கள் கணக்கில் கார்த்திகை இரண்டு, ஆன்மாக்கள் திருநாள் வந்தது. அன்று பின்னேரம் ஊர் முழுக்கச் சேமக்காலையில் நிற்கும். கல்லறைகளைக் கூட்டிக் கழுவிப் பூவும் மெழுகுதிரியும் வைப்பார்கள். கல்லறை இல்லாத செத்தவர்களுக்கு நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில், குருசடியில், வைப்பார்கள். கடலில் போனவர்கள், இந்தியாவில் முகாமில் செத்தவர்கள் எல்லாம் அந்தக் குருசுக்குச் சொந்தம். அக்காவும் வழக்கமாகக் கணவருக்காக அங்கே ஒரு திரி வைப்பார். ஒன்று மட்டும். அந்த ஒன்றை ஊர் எண்ணி வைத்திருந்தது. காணாமல் போனவரின் வீட்டார் ஆன்மாக்கள் திருநாளில் எத்தனை திரி வைக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் வாயால் கேட்க மாட்டார்கள். கண்ணால் கேட்பார்கள்.

அந்த வருடம் அக்கா இரண்டு வைத்தார்.

சேமக்காலையில் செபத்தின் சத்தம் ஒரு கணம் குறைந்தது. ஒரு கிழவி சிலுவை போட்டாள். இரண்டு பெண்கள் வந்து அக்காவின் தோளைப் பிடித்து அழுதார்கள். அக்கா ஏன் என்று விளங்காமல் அவர்களைத் தேற்றினார். பூசைக்குப் பிறகு குருவானவர்கூட என் பக்கம் திரும்பி, "கடைசியில மனம் ஆறிட்டுது போல" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பேச்சு வேலை செய்துவிட்டது என்ற பெருமையும் பின்னாலேயே வந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது.

அடுத்த நாளே கிராம சேவகர் படிவத்தோடும் பேனையோடும் வந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அக்காவுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை உண்மையாகவே பாடுபட்டது.

"அக்கா, நான் எல்லாம் நிரப்பிக்கொண்டு வந்திட்டன். நீங்கள் இதில வைச்சாக் காணும்."

"என்னத்தைப் பிள்ளை?"

"மகன்ர... நேற்று மெழுகுதிரி வைச்சனீங்கள்தானே?"

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது மகனுக்கில்லைப் பிள்ளை. அது அந்த அயர்லாந்துக்காரருக்கு. லேஞ்சி பிடிச்சவருக்கு. அவருக்கு வைக்கலாம்தானே? அவர் செத்திட்டார் எண்டு தெரியும்தானே?"

கிராம சேவகர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "எந்த அயர்லாந்துக்காரர் அண்ணை?"

நான் வேம்பைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டே அழுதது. "அண்ணை, நான் உங்களைக் கையெழுத்து வாங்கத்தானே அனுப்பினனான். நீங்கள் ஏன் சரித்திரம் படிப்பிச்சனீங்கள்?" கையெழுத்துக்கு இன்னும் நாலு கிழமை இருந்தது. அதற்குள் எப்படியாவது என்று நான் சொன்னேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நான் வேறு நாடு எதையாவது தொடங்கிவிடுவேன் என்று பயந்திருப்பார்.

இரண்டாம் கிழமை அக்காவே வாசிகசாலைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றபடியே கேட்டார்.

"தம்பி, மன்னிப்புக் கேட்ட அண்டைக்கு அந்தச் செத்த பெடியளின்ர தாய்மாரில எத்தினை பேர் உயிரோட இருந்தவை?"

முப்பத்தெட்டு வருடம் என்பதை எத்தனை தடவை வாசித்திருப்பேன், எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. "பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

மன்னார் ரவுணுக்குப் பஸ் பிடித்துப் போய் இன்ரர்நெற் கடையில் இருந்தேன். அந்த நாளின் படங்கள் இருந்தன. ஒரு பெரிய மண்டபத்துக்கு முன்னால் ஆட்கள் அறிக்கையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள். கையில் செத்தவர்களின் பழைய படங்கள். பிடித்திருந்தவர்கள் நரைத்தவர்கள். ஒவ்வொருவராய்ப் பெருப்பித்துப் பார்த்தேன். அண்ணன், தங்கை, மகள், மருமகன் என்று கீழே எழுதியிருந்தது. பெற்றோரில் கனபேர் காத்திருந்தே போய்விட்டார்கள் என்று ஓரிடத்தில் இருந்தது. நான் பார்த்த படங்களில் ஒரு தாயையும் காணவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மன்னார்ப் பாலம் கடக்கும்வரை பொய் ஒன்றைத் தயாரித்தேன். நல்ல பொய். வெள்ளைத் தலையோடு ஒரு தாய், சக்கரக் கதிரையில். அக்காவின் வேலிக்குக் கிட்டப் போனதும் அந்தத் தாய் காணாமல் போய்விட்டார்.

"சகோதரங்கள் நிண்டவை அக்கா. பிள்ளையள் நிண்டவை."

"தாய்?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அக்கா வலையின் ஒரு கண்ணுக்குள் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். சரி, இப்போது படிவத்தைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்க வேண்டும் என்றும் கேட்கக் கூடாது என்றும் எனக்கு இருந்தது.

"எனக்கு அவன் ஒருத்தன்தானே" என்றார். "சகோதரம் இல்லை. எனக்கு இப்ப ஐம்பத்தொன்பது. அவன் போய் நாலு வருசம் போட்டுது. முப்பத்தெட்டுக்கு இன்னும் முப்பத்திநாலு. தொண்ணூற்றிமூண்டு வரைக்கும் நான் இருக்க மாட்டன். என்ர மார்பு வருத்தத்துக்கு அவ்வளவு காலம் இல்லை." பிறகு நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். கரையில் நண்டைப் புரட்டிப் பார்ப்பதுபோல. "உங்களுக்கு எத்தினை வயசு தம்பி?"

"நாப்பத்தாறு."

"எண்பது. எண்பது பெரிய வயசில்லை. உங்கட ஐயா எத்தினை வயசில மோசம் போனவர்?"

"ஐம்பத்தாறில அக்கா."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னத்தில?"

"பிரஷர்."

"உங்களுக்கும் இருக்கோ?"

"இருக்கு. கொஞ்சம் சீனி வருத்தமும்."

"குளிசை, மருந்தெல்லாம் ஒழுங்காப் போடுறனீங்களோ?"

"போடுவன்... இடைக்கிடை."

"இடைக்கிடை எண்டாக் காணாது" என்றார் அக்கா. "இந்த அரசாங்கம் வந்து சொல்லேக்க கேக்க ஆர் இருக்கிறது? இந்த ஊரில விசயம் முழுக்கத் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒருத்தர்தான். நீங்கள் என்ர இடத்தில நிண்டு கேளுங்கோ. 'அவனில பிழை இல்லை' எண்டு சொல்லுகினமோ எண்டு வடிவாக் கேளுங்கோ. கேட்டிட்டு எனக்குக் குருசடியில வந்து சொல்லுங்கோ. காணும்."

நான் என்ன சொல்ல? அப்படி ஒருவரும் வந்து சொல்லப்போவதில்லை அக்கா என்றா? ஓம் என்றேன்.

வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போனது. அக்காவின் வேலிக்கு அந்தப் பக்கம் அத்திவாரம் வெட்டினார்கள். வெட்டியவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தவர் அக்காதான். சோளகக் காற்று தொடங்கியதும் அவருடைய தகரம் ஒன்று கழன்று என் வளவுக்குள் வந்து விழுந்தது. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடித்துக் கொடுக்கவும் முயன்றேன். ஆணி என் விரலில் ஏறியது. கிராம சேவகர் வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார், என்னைத் தவிர.

இப்போது என் சாப்பாட்டை ஊரே கண்காணிக்கிறது. நானாவின் கடையில் எனக்கு வடை கொடுக்கக் கூடாது என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறார். "மன்னிச்சிடுங்க மாஸ்டர், அவ ஏசுவா" என்கிறார் நானா. கருவாட்டுக் குழம்பை நான் கடைசியாகக் கண்டது எப்போது என்று நினைவில்லை. ஞாயிறு பூசை முடிய, அரை முக்காட்டை மடித்துக்கொண்டே அக்கா நேராக என்னிடம் வருவார். ஸ்தோத்திரம் சொல்ல முந்தியே, "குளிசை?" என்பார்.

போன கிழமை அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் பிரஷர் நூற்றறுபது காட்டியது. கிளினிக் நோட்டுக் கொப்பியில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுவிட்டார்கள். நான் மறைத்துவிடலாம் என்று கொப்பியைச் சேர்ட்டுக்குள் சொருகிக்கொண்டு பின் ஒழுங்கை வழியாக வந்தேன். அக்கா வேலியில் நின்றார். கையை நீட்டினார். கொடுத்தேன்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இலக்கம் தெரியும். சிவப்பு வட்டத்தில் விரலை வைத்து, எத்தனை வருடத்துக்கு இது தாங்கும் என்று கணக்குப் பார்ப்பவர்போல் அப்படியே நின்றார். நண்டு வலை கிழித்த விரல். நகத்தில் உப்புப் பூத்திருந்தது.

"இது எண்பதுக்குக் காணாது தம்பி" என்றார். கொப்பியைத் திருப்பித் தரவில்லை.